அவர் நின்ற பக்கம்

குணசீலன் இறந்து இரண்டு வருடம் நான்கு மாதம் கழித்து அவருடைய போன் வீங்க ஆரம்பித்தது. பின்பக்க மூடி ஓர் ஓரத்தில் பிளந்து உள்ளே வெள்ளி நிறத்தில் ஏதோ பிதுங்கித் தெரிந்தது. தமயந்தி வாரத்துக்கு ஒரு முறை அதைச் சார்ஜ் போட்டு, கொஞ்ச நேரம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்ப பீரோவில் வைப்பது வழக்கம். இனிமேல் அதுவும் கூடாது என்று தில்லைநகர் போன் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

"பேட்டரி உப்பிப் போச்சு மேடம். மாத்தித் தர்றேன், ஆனா உள்ள இருக்கற போர்டு ரொம்ப நாள் தாங்காது. முதல்ல படத்தையெல்லாம் ஏதாவது கிளவுட்ல ஏத்திருங்க."

ஏதாவது ஒன்று என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எது என்பதுதான் தமயந்திக்குத் தெரியவில்லை.

மொத்தம் பதினோராயிரத்து நானூற்று அறுபத்திரண்டு படங்கள். குணசீலன் நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியாளராக இருந்தவர். அதனால் பாதிக்கு மேல் பாலத்துத் தூண்கள், விரிசல்கள், துருப்பிடித்த கம்பிகள். மீதியில் தமயந்தியும் மகள் நித்திலாவும். கடற்கரையில், கல்யாண வீட்டில், ரயிலில், சும்மா சமையலறை வாசலில். எல்லாவற்றையும் எடுத்தவர் அவர்தான். அவர் இருக்கும் படங்கள் ஒன்பது. அவற்றிலும் நான்கில் நிழல் மட்டும்.

தமயந்தி அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒரு நாளைக்கு நூறு பேரைப் படம் எடுக்கிறவளுக்குக் கணவரை நேராக நிற்க வைத்து ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லையே என்பது இரண்டு வருடமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

சாஸ்திரி சாலையில் இருந்த படச் சேமிப்பு மையத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போனாள். எதிரே உட்கார்ந்த பெண்ணின் பெயர் ரிஸ்வானா. இருபத்தைந்து வயது இருக்கும். தமயந்தி சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"ரெண்டு வழி இருக்கு மேடம். ஒண்ணு பெட்டகம். உங்க படத்தை அப்படியே பூட்டி வச்சிரும். சாவி உங்ககிட்ட மட்டும். நாங்க நினைச்சாலும் திறக்க முடியாது. இன்னொண்ணு பெருங்கடல்."

"பேரு கேள்விப்பட்டிருக்கேன். என்னன்னு தெரியாது."

"மலைக்கோட்டையை இதுவரைக்கும் எத்தனை பேர் போட்டோ எடுத்திருப்பாங்க? கோடிக்கணக்குல இருக்கும். எல்லாத்துலயும் அதே மலை, அதே படி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எதுக்கு வைக்கணும்? பெருங்கடல்ல எல்லார் படத்தையும் ஒண்ணா சேத்து, பாத்த உலகத்தை ஒரே ஒரு தடவைதான் வைப்பாங்க. எந்த இடம், எந்த நேரம், எல்லாமே. உங்க போட்டோன்னு தனியா ஒண்ணு இருக்காது. நீங்க எந்த எடத்துல நின்னு எந்தப் பக்கம் பாத்தீங்கங்கறது மட்டும் இருக்கும். கேட்டா அந்த எடத்துல உங்களை மறுபடி நிறுத்திக் காட்டும்."

"அதனால எனக்கென்ன?"

ரிஸ்வானா ஒரு நொடி யோசித்தாள். "உங்க படத்துக்குள்ள நின்னு நீங்க திரும்பிப் பாக்கலாம் மேடம்."

தமயந்திக்கு அப்போது புரியவில்லை. சோதனை அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

அது எக்ஸ்ரே அறையைவிடக் கொஞ்சம் சிறியது. மூன்று பக்கமும் திரை. குணசீலனின் போனை ஒரு பெட்டியில் செருகினார்கள். படங்கள் இன்னும் கடலில் கலக்கவில்லை, இந்த அறைக்குள் இருக்கும் இயந்திரம் மட்டும் ஒப்பிட்டுக் காட்டும், சேர்வதா வேண்டாமா என்று பத்து நாளில் சொன்னால் போதும் என்று ரிஸ்வானா விளக்கினாள். "கூட்டமான எடத்துல எடுத்த படமா ஒண்ணு சொல்லுங்க. நிறைய பேர் பாத்த எடம்னாதான் நல்லா தெரியும்."

தமயந்தி கல்லணைப் படத்தைச் சொன்னாள். ஓர் ஆடிப்பெருக்கு அன்று எடுத்தது. நித்திலாவுக்கு அப்போது பதினாறு வயது. மதகிலிருந்து தண்ணீர் வெளுத்துக் கொட்ட, தாயும் மகளும் ஈரப் புடவையும் ஈரத் தாவணியுமாகச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அவளுக்கு மனப்பாடமான படம்.

திரையில் அது வந்தது. பிறகு விரிந்தது. படத்தின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கிருந்து கூட்டம் தொடர்ந்தது. பலூன்காரர், மாங்காய்ப் பத்தை விற்கும் பெண், தோளில் குழந்தையைத் தூக்கிய ஒருவர். அன்றைக்கு அங்கே இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் போன்களிலிருந்து இதெல்லாம் வருவதாக ரிஸ்வானா சொன்னாள். அங்கங்கே சாம்பல் நிறத்தில் ஓட்டைகள் இருந்தன.

"அது என்ன?"

"யாரும் பாக்காத எடம். கடல் எதையும் தானா கற்பனை பண்ணாது மேடம். யாராவது பாத்திருந்தா மட்டும்தான் காட்டும். இப்ப இந்தக் குமிழைத் திருப்புங்க. மெதுவா."

தமயந்தி திருப்பினாள். மதகு நகர்ந்தது. அவளும் நித்திலாவும் வலது பக்கமாக விலகி மறைந்தார்கள். ஆல மரம் வந்தது, ஐஸ் வண்டி வந்தது. அப்புறம் குணசீலன் வந்தார்.

கைப்பிடிச் சுவரில் ஒரு முழங்காலை ஊன்றி, போனை இரண்டு கையாலும் பிடித்து, கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. நெற்றியில் வேர்வை. இடது கால் பாதம் மட்டும் சாம்பலாக இருந்தது. அதை யாரும் பார்த்திருக்கவில்லை.

தமயந்தி குமிழிலிருந்து கையை எடுத்தாள். முன்பின் தெரியாத முந்நூறு பேர். யாரோ தன் குழந்தையை எடுத்த படத்தின் மூலையில் அவருடைய தோள். யாரோ ஐஸ் தின்னும் தம்பியை எடுத்த படத்தில் அவருடைய முகத்தில் பாதி. அவர்களில் ஒருவருக்கும் இவரைத் தெரியாது. ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துப் போய், எட்டு வருடம் பத்திரமாக வைத்திருந்து, இன்று அவளிடம் திருப்பித் தருகிறார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

"சிலர் வீடியோ எடுத்திருக்காங்க. நாலு செகண்ட் ஓடும்" என்றாள் ரிஸ்வானா.

குணசீலன் அசைந்தார். படம் எடுத்து முடித்துப் போனைக் கீழே இறக்கினார். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று திரையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, வெறும் கண்ணால், அவர்களைப் பார்த்தார். அவ்வளவுதான். நாலு நொடி முடிந்து மறுபடி முழங்காலை ஊன்றினார்.

இருபத்து மூன்று வருட வாழ்க்கையில் அந்தப் பார்வை தன் மேல் விழுந்திருக்கிறது என்பது தமயந்திக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அவள் அதற்குள் முகத்தைத் திருப்பி முந்தானையைப் பிழியத் தொடங்கியிருப்பாள். பதினாறு தடவை ஓட்டிப் பார்த்தாள். ரிஸ்வானா வெளியே போய்விட்டு டீயோடு வந்தபோதும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"சேர்ந்துடறேன்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

"இருங்க மேடம். இன்னொண்ணு காட்டணும். சட்டப்படி காட்டியே ஆகணும்."

ரிஸ்வானா ஒரு பொத்தானைத் தொட்டாள். திரையில் ஒரு வரி வந்தது. *இந்தப் படங்களில் உள்ள ஒரு முகத்துக்காக ஒருவர் காத்திருக்கிறார்.*

"காணாமப் போனவங்களைத் தேடறதுக்காக வச்ச வசதி. ஒரு முகத்தைக் குடுத்துட்டுக் காத்திருக்கலாம். யார் போன்லயாவது அந்த முகம் கடல்ல சேர்ந்ததும் அவங்களுக்குச் செய்தி போயிரும், எடத்தோட. போன வருஷம் மட்டும் இதுல நாப்பது குழந்தைங்க கிடைச்சாங்க மேடம்."

"நல்ல காரியம்தானே. யாரு படம்?"

படம் வந்தது. குணசீலன் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு எடுத்தது. ஒரு சின்ன ஆற்றுப் பாலம், அதன் தூணில் ஒரு விரிசல். பாலத்தை ஒட்டி ஒரு மாவு அரைக்கும் கடை. கடை வாசலில் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். கேமராவைப் பார்த்துவிட்டு முகத்தை மறைக்கக் கை தூக்குகிறாள். கை மேலே வருவதற்குள் படம் பதிவாகிவிட்டது. கண்ணில் இருந்தது கோபம் இல்லை. எக்ஸ்ரே மேஜையில் அடிபட்டுப் படுக்கும் பெண்களிடம் தமயந்தி அதைப் பார்த்திருக்கிறாள். "கீழ விழுந்துட்டேன்" என்று சொல்வார்கள். விலா எலும்பு வேறு கதை சொல்லும்.

"இந்தப் படத்தை நான் போன்ல பாத்ததே இல்லையே."

"அழிச்ச படம் மேடம். எடுத்து ஒரு நிமிஷத்துல அழிச்சிருக்காரு. ஆனா அழிச்சாலும் மெமரில ஒரு மூலையில கிடக்கும், அது மேல வேற ஏதாவது எழுதற வரைக்கும். கடல் எல்லாத்தையும் எடுத்துக்கும்."

"இதை மட்டும் விட்டுட்டு மத்ததைச் சேக்க முடியாதா?"

"முடியாது. போலிப் படம் உள்ள வந்துரக் கூடாதுன்னு முழு போனாத்தான் எடுப்பாங்க. ஒண்ணை உருவினாலும் ஏத்துக்காது."

"தேடறது யாரு?"

"எங்களுக்கே தெரியாது. அம்மாவா இருக்கலாம். அண்ணனா இருக்கலாம்." ரிஸ்வானா திரையைப் பார்க்காமல் சொன்னாள். "வேற யாராவதாவும் இருக்கலாம்."

புனேயில் வேலை பார்க்கும் நித்திலா அன்று மாலை போனில் கத்தினாள். "யாரோ ஒருத்திக்காக அப்பாவைப் பாக்காம இருக்கணுமா? அவங்க அம்மா தேடிட்டு இருந்தா என்னம்மா பண்ணுவ? நீ நல்லது பண்றதா நெனச்சிட்டு ஒரு தாயை அழ வச்சிட்டிருப்ப. உனக்கென்ன, நீ பாத்துட்ட. நான் பாக்கலையே!"

தமயந்தி போனை வைத்தாள். மகள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவர் எதற்காக அந்தப் படத்தை உடனே அழித்தார் என்பது ஒன்றுதான் அவளுக்கு இடித்தது. விரிசலை எடுத்த படம். வேலைக்கு வேண்டிய படம். அதை அழிக்க மாட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. படத்தோடு பதிவாகியிருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தமயந்தி பஸ் ஏறினாள்.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கடலுக்குப் பக்கம், கழிமுகத்தை ஒட்டிய ஊர் என்பது போதும். பாலத்தைப் புதுப்பித்திருந்தார்கள். மாவுக் கடை அப்படியே இருந்தது. உள்ளே இரண்டு கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் அவள் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. படத்தில் பார்த்த அதே பெண் திரும்பினாள்.

"எவ்ளோ வேணும்க்கா?"

"மாவு வேண்டாம்மா. திருச்சியிலேர்ந்து வர்றேன்."

திருச்சி என்றதும் அந்தப் பெண்ணின் கை சுவிட்சுக்குப் போனது. இரைச்சல் நின்றது. பின்பக்கக் கதவை ஒரு முறை பார்த்தாள்.

"பயப்படாதம்மா. நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவ. என் வீட்டுக்காரர் பாலம் பாக்க வந்தவரு. ரெண்டு வருஷம் முன்னாடி. உன்னைத் தெரியாம ஒரு போட்டோ எடுத்துட்டாரு."

அந்தப் பெண்ணுக்கு அந்த ஊரில் செண்பகம் என்று பெயர். வேறு ஊரில் வேறு பெயர் இருந்திருக்கும். தமயந்தி கேட்கவில்லை. செண்பகம் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தமயந்தி பெருங்கடலைப் பற்றித் தனக்குப் புரிந்த அளவில் சொன்னாள். கல்லணையைச் சொன்னாள். திரும்பிப் பார்த்ததைச் சொன்னாள். கடைசியில், ஒருவர் காத்திருக்கிறார் என்பதைச் சொன்னாள்.

செண்பகம் மாவு ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைத் தேடறதுக்கு ரெண்டே பேருதான்க்கா இருக்காங்க. ஒண்ணு எங்கம்மா. இன்னொண்ணு அவன், என்னைக் கட்டினவன்." துணியை மடித்து வைத்தாள். "அம்மாவைப் பாத்து மூணு வருஷமாச்சு. அம்மாவா இருந்தா... நீங்க ஏத்திருங்கக்கா. வந்து பாக்கட்டும்."

"அவரா இருந்தா?"

செண்பகம் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள். அங்கே காதின் மேல்பாதி இல்லை.

"எங்கம்மா நம்பர் எனக்கு மனப்பாடம். நான் இங்கேருந்து பண்ணக் கூடாது. நீங்க திருச்சி போய் ஆஸ்பத்திரி போன்லேர்ந்து பண்ணுங்க. நான் எங்க இருக்கேன்னு சொல்லாதீங்க. அப்புறம் எனக்கு ஒரு போன் போடுங்க. அம்மான்னா ரெண்டு கிலோ மாவு வேணும்னு சொல்லுங்க. அவன்னா மாவு வேண்டாம்னு சொல்லுங்க. பேரு ஊரு எதுவும் பேச வேணாம்."

இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு தமயந்தி எழுந்தாள். வாசல் வரை வந்துவிட்டுக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவரு உன்கிட்ட ஏதாவது பேசினாராம்மா?"

செண்பகம் முதல் முறையாகச் சிரித்தாள். "நான்தான் ஓடிப் போய்ச் சண்டை போட்டேன். அழிங்கன்னு அழுதேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலைக்கா. என் கண்ணு முன்னாடியே அழிச்சாரு. அப்பவும் எனக்கு நடுக்கம் நிக்கல. அப்ப சொன்னாரு, 'உங்களைக் கேக்காம எடுத்தது தப்பும்மா. பதிலுக்கு நீங்க என்னை ஒண்ணு எடுத்துக்குங்க. நான் யார்கிட்டயாவது உங்களைப் பத்திச் சொன்னேன்னு தெரிஞ்சா இந்த மூஞ்சியைக் காட்டிப் புகார் குடுங்க'ன்னு. தொப்பியைச் சரி பண்ணிட்டு நின்னாரு."

தமயந்தி வாசலிலிருந்து உள்ளே திரும்பி வந்தாள்.

"எடுத்தியா?"

"எடுத்தேன். இருக்குக்கா."

அது பழைய போன். திரையில் கோடு கோடாகக் கீறல். எந்த கிளவுடிலும் சேராத போன். செண்பகம் அதில் இணையமே போட்டதில்லை. சாமி படம் நான்கு, மின்கட்டண ரசீது ஒன்று, அதற்குக் கீழே குணசீலன்.

மஞ்சள் தலைக்கவசம், மூக்குக் கண்ணாடி. பின்னால் பாலம். படம் எடுத்துக்கொள்ளப் பழகாத மனிதர் எப்படி நிற்பாரோ அப்படி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், நேராகக் கேமராவைப் பார்த்து நின்றார். நேராக. இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, முன்பின் தெரியாத ஒரு பெண் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காகத் தன் முகத்தைக் கொடுத்துவிட்டு நின்றார். கல்லணையில் முந்நூறு பேர் சேர்ந்தும் ஒரு பாதத்தை விட்டுவிட்டார்கள். இங்கே ஒருத்தி முழுதாக வைத்திருந்தாள்.

"அவரு தவறிட்டாரும்மா. அதே மாசம்."

செண்பகத்தின் கண்கள் நிறைந்தன. போனை அவளிடம் நீட்டினாள். "எடுத்துக்குங்கக்கா. ஆனா எங்கயும் ஏத்திராதீங்க."

"ஏத்த மாட்டேன்."

அருகருகே வைத்து, ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு, இணையம் இல்லாமல் அனுப்பிக்கொண்டார்கள். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு பேரும் அந்தப் பச்சைக் கோடு நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, நோயாளிகள் வருவதற்கு முன் தமயந்தி எக்ஸ்ரே பிரிவின் போனிலிருந்து அந்த எண்ணுக்குப் பேசினாள். வயதான குரல்.

"யம்மா, நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். உங்க பொண்ணை நீங்க கம்ப்யூட்டர்ல எங்கயாவது தேடச் சொல்லியிருக்கீங்களா?"

"நம்மகிட்ட பட்டன் போனுதாம்மா இருக்கு. அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்?" குரல் சட்டென்று தாழ்ந்தது. "அவளைப் பாத்தியா தாயி? பாப்பா நல்லாருக்காளா? சாப்பிடறாளா?"

"நல்லாருக்காங்கம்மா. சாப்பிடறாங்க."

 அந்த அம்மா அவசரமாகப் பேசினாள். "எங்க இருக்கான்னு எங்கிட்ட சொல்லிராதம்மா. அவன் போன மாசம்கூட வந்தான். ஏதோ கடல்ல போட்டு வச்சிருக்கேன், எவன் போன்லயாவது மாட்டுவா, எப்படியும் தீபாவளிக்குள்ள தெரிஞ்சிரும்னான். அவன் வந்து கேட்டு உதைச்சா நான் சொன்னாலும் சொல்லிருவேன். எனக்குத் தெரியாமலே இருக்கட்டும். நல்லாருக்கான்னு சொன்னியே, போதும். வச்சிரு தாயி."

தமயந்தி உடனே அடுத்த எண்ணை அழுத்தினாள். கிரைண்டர் சத்தம் கேட்டது.

"மாவு வேண்டாம்மா" என்றாள்.

"சரிங்கக்கா" என்றாள் செண்பகம்.

கிரைண்டர் நின்றது. போனும் நின்றது. அன்று சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. பாலத்தில் எத்தனையோ பேர் போகிறார்கள், எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஒரு போனைத் தடுத்தால் போதாது என்று முடிவு செய்து செண்பகம் அந்த ஊரைவிட்டே போயிருக்க வேண்டும்.

எட்டாம் நாள் தமயந்தி சாஸ்திரி சாலைக்குப் போனாள். நடந்ததில் ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு மற்றதை ரிஸ்வானாவிடம் சொன்னாள். அந்தத் தேடலின் மேல் ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள். ரிஸ்வானா அதை இரண்டு முறை படித்து, தன் பெயரையும் கீழே சேர்த்துக் கையெழுத்திட்டாள்.

"விசாரிக்க மாசக்கணக்குல ஆகும்க்கா" என்றாள். மேடம் எப்போது அக்காவாக மாறியது என்று இருவருக்குமே தெரியவில்லை. "பெட்டகம்தானே?"

"பெட்டகம். அழிச்ச படத்தை நீயே நிரந்தரமா துடைச்சிடு."

"சோதனை அறையில இருக்கறது இன்னிக்கோட போயிரும். கல்லணையை கடைசியா ஒரு தடவை பாக்கறீங்களா?"

பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்தாள். மதகு, ஆல மரம், ஐஸ் வண்டி. போனை இறக்கிவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை தமயந்தி அவரைப் பார்த்ததோடு நிற்காமல் சுற்றிலும் இருந்தவர்களையும் பார்த்தாள். பலூன்காரர், மாங்காய்க்காரி, தோளில் குழந்தையோடு நின்றவர். இவர்களில் யாருக்கு எது மறைவாக இருக்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்? எவ்வளவு பேர், எவ்வளவு முகம். அள்ளிக் கொடுக்கிற அந்தக் கூட்டத்தைப் பார்க்க அவளுக்கு இப்போதும் மெய்சிலிர்த்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. நாலு நொடி முடிந்ததும் அவளே திரையை அணைத்தாள்.

"என் போனும் பெட்டகம்தான்க்கா" என்று ரிஸ்வானா வாசலில் மெதுவாகச் சொன்னாள். "இங்க வேலை பாக்கற எல்லாரும் அதுதான்."

செண்பகம் கொடுத்த படத்தைத் தமயந்தி பெட்டகத்திலும் போடவில்லை. எங்கும் ஏற்ற மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு, வலைத்தொடர்பு இல்லாத பழைய பிரிண்டரில், நெஞ்சுக்கூடு எடுக்கும் பெரிய பிலிமில் அதை அச்சடித்தாள். அச்சு வந்ததும் பிரிண்டரிலும் தன் போனிலும் அழித்தாள். அழித்தது மூலையில் கிடக்கும் என்பது நினைவுக்கு வந்து, அந்தப் போனில் சுவரையும் கூரையையும் இடம் நிறைந்து வழியும் வரைக்கும் படமெடுத்தாள். உலகத்தில் இப்போது அது ஒரே ஒரு பிரதி. செண்பகம் தன்னுடையதை வைத்திருந்தால் இரண்டு.

பொங்கலுக்கு நித்திலா வந்தாள். இன்னும் கோபம் ஆறாமல்தான் வந்தாள். பையை வைத்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "கடைசியில எதும்மா எடுத்த?"

தமயந்தி பீரோவைத் திறந்து பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்தாள். யாருக்கு எலும்பு முறிந்தது என்பது போலப் பார்த்துக்கொண்டே நித்திலா பிலிமை உருவினாள். ஜன்னலுக்குப் போய் வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தாள்.

அப்பா வெளிச்சத்தால் ஆனவராக அங்கே நின்றார். அவருக்குள்ளேயே எதிர்வீட்டு மாடியும் தென்னையும் காலை வெயிலும் தெரிந்தன. நேராக அவளையே பார்த்தார்.  வெகுநேரம் நித்திலா பிலிமை இறக்கவில்லை. தமயந்தி பின்னால் வந்து நின்றுகொண்டாள். இரண்டு பேரையும் அவர் பார்த்தார்.

நித்திலா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிலிமை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள்.

"அம்மா, அப்பா கண்ணாடில யாரோ தெரியறாங்க. இங்க பாரு, சின்னதா. ஒரு பொம்பளை."

தமயந்தி குனிந்து பார்த்தாள். அவள் இதுவரை கவனித்ததில்லை. மூக்குக் கண்ணாடியின் இரண்டு வட்டத்திலும், கடுகளவில், போனை உயர்த்திப் பிடித்த ஒரு பெண். முகத்தை மறைக்காமல் நின்றிருந்தாள்.

"படம் எடுத்தவங்க" என்றாள்.

"அதான், யாரு அவங்க? எங்க இருக்காங்க?"

தமயந்தி மகளிடம் அதுவரை எதையும் மறைத்ததில்லை.

"தெரியாதும்மா" என்றாள்.